மூடிய கிணறு

தளவாய்புரத்தில் எங்கள் இல்லத்தின் கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. சுபுஹுத் தொழுகைக்கு அத்தா அதில்தான் வாளி விட்டு இறைத்து ஒளுச் செய்வார்கள். ஒரு செம்புத் தண்ணீருக்கு மேல் அவர்கள் செலவிட்டதை நாம் கண்டதில்லை.

ஊரில் நைட்டி தைக்கும் தொழில் பெருகியது. குழாய்த் தண்ணீரும் வீட்டிற்குள் வந்தது. இனிக் கிணறு எதற்கு என்று எண்ணி, அதை மண்ணிட்டு மூடி, அதன்மேல் தையல் எந்திரங்களுக்கு ஓர் அறை கட்டினோம். அத்தா தடுக்கவில்லை. "கிணறு நம் கையில் இருக்கிறது, குழாய் அடுத்தவர் கையில் இருக்கிறது. யோசித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். நாம் யோசிக்கவில்லை.

2003ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நாமும் ஒரு குழி தோண்டினோம், வந்தவர்களுக்குக் காட்டினோம், பிறகு மறந்தோம். குழி தூர்ந்தது. மாடிக் குழாயைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை எவர் மறப்பர்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஓராண்டு முழுவதும் அங்கே பெய்ய வேண்டிய மழையைவிட அது அதிகம். எங்கள் தெருவிலும் வெள்ளம் ஓடியது. ஆனால் அடுத்த கோடையில் அதே தெருவில், லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்றோம்!

சென்னை கண்டதும் இதுவேயன்றோ? 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அம்மாநகருக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் சென்றது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்பர் அறிஞர். ஆகவே மழை சில நாட்களில் ஒருசேரக் கொட்டுகிறது. பின் நெடுநாள் பொய்க்கிறது. கொட்டும்போது பிடித்து வைக்காத ஊர், வளர வளர வாடத்தான் செய்யும்.

ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், ஏறத்தாழ 900 லிட்டர் நீர் விழுகிறது. இறைவனின் அந்த அருட்கொடையை இத்தனை ஆண்டுகள் சாக்கடைக்கு அனுப்பியவர்கள் நாமே.

அத்தா இன்று நம்மிடையே இல்லை. கிணற்றையும் மீட்க இயலாது. அதன்மேல் பல குடும்பங்களின் பிழைப்பு நடக்கிறது. ஆயினும் சென்ற ஐப்பசிக்கு முன் அந்தப் பழைய குழியைத் தூர்வாரினோம். கூழாங்கல்லும் மணலும் நிரப்பினோம். மாடியைக் கழுவி, குழாயைக் குழிக்குத் திருப்பினோம். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டு, அடுத்த மழையைக் குழிக்குள் விட்டபோது, மண் அதை உறிஞ்சும் ஓசையைக் குனிந்து நின்று கேட்டோம். அத்தாவின் வாளி நீரில் விழும் ஓசை நினைவிற்கு வந்தது.

அன்பர்களே! அடுத்த மழைக்கு முன் உங்கள் இல்லத்தின் மாடிக் குழாய் எங்கே போகிறதென்று ஒருமுறை பாருங்கள். பள்ளிவாசலின் பரந்த மாடியையும் மறவாதீர்கள்.