கொள்ளேகாலில் எதைப் புதைப்பது?

கொள்ளேகாலில் யாராவது மண்ணைத் தோண்டி எதையாவது புதைத்தால் ஊர் அதை நல்லவிதமாக எடுத்துக்கொள்ளாது. 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊருக்கு, தகடும் எலுமிச்சம்பழமுமாக மாந்திரீகம் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்துபோனவர்கள் ஏராளம். பட்டுக்குக் கிடைத்த பெயரைவிடச் செய்வினைக்குக் கிடைத்த பெயர் பெரிது.

ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் சந்தேகம் வேறு வகை. கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலை வழியாக மேட்டூர் போகும் பாதையில் இருக்கிறது பாலாறு. அதன் அருகே 1993 ஏப்ரல் 9 அன்று வீரப்பன் கும்பல் புதைத்திருந்த கண்ணிவெடி வெடித்து 22 பேர் இறந்தார்கள். போலீசார், வனக் காவலர்கள், தகவல் சொல்ல உடன் சென்றவர்கள். அதற்கு முன் 1991 நவம்பரில், சரணடைகிறேன் என்ற பேச்சை நம்பி ஆயுதமில்லாமல் போன வன அதிகாரி பி. ஸ்ரீனிவாஸ் கொல்லப்பட்டார். 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்தது. ஆனால் புதரடியில் கிடக்கும் ஒரு டப்பாவைப் பார்த்தால் இங்கே வனக் காவலர் இன்றும் சாதாரணமாகக் கை நீட்டமாட்டார்.

இப்படிப்பட்ட காட்டில் ஒரு டப்பாவை வேண்டுமென்றே ஒளித்துவைத்து, கண்டுபிடியுங்கள் என்று உலகத்துக்கே அறிவிப்பது ஒரு விளையாட்டாக முடியுமா?

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் சிக்னலின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்துவைத்திருந்த அமெரிக்கா, 2000 மே 2 அன்று அந்தத் தடையை நீக்கியது. மறுநாளே ஓரிகான் மாநிலத்தில் ஒருவர், ஒரு வாளியில் சில சாமான்களையும் ஒரு நோட்டுப்புத்தகத்தையும் போட்டு மரங்களுக்கிடையே வைத்துவிட்டு, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அறிவித்தார். தேடி வருகிறவர் ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும், நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன. செல்போன் வைத்திருப்பவர் எல்லோரும் இந்த வேட்டைக்குப் போகலாம்.

எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதில்தான் சிக்கல். கொள்ளேகாலைச் சுற்றிக் காவிரி வனவிலங்குச் சரணாலயம், மாதேஸ்வரன் மலைச் சரணாலயம், பிலிகிரி ரங்கன் மலைப் புலிகள் காப்பகம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா, அங்கே வசிப்பவரோடு முறையான வேலை என்று எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்பதையும் சட்டமே சொல்கிறது. டப்பா ஒளிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. சட்டத்தை விட்டாலும் யானைக்கும் கரடிக்கும் மோப்பம் இருக்கிறது. டப்பாவுக்குள் ஒரு மிட்டாய் போதும். இருபது பேர் தேடிவந்து ஒரே புதரைச் சுற்றினால் புதிதாக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டாகிவிடும். அந்தப் பாதை அதோடு நிற்காது. கண்ணி வைப்பவனுக்கும் விறகு வெட்டுபவனுக்கும் அதுவே வழி.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நிர்வாகியின் அனுமதியில்லாமல் டப்பா வைக்கக்கூடாது. அதற்கு மாற்றாக 2004ல் அமெரிக்க நிலவியல் கழகம் ஒரு வகையை ஆரம்பித்தது. அதில் டப்பாவே கிடையாது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், பாறையின் அடுக்கையோ அருவியின் அரிப்பையோ பார்த்து, கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பினால் கண்டுபிடித்த கணக்கு. கொள்ளேகால் பக்கம் இதற்குப் பொருத்தமான இடம் சிவசமுத்திரத்தின் பரச்சுக்கி அருவி. வழக்கமான சுற்றுலாப் பயணிகள் போகும் பாதையிலேயே நின்று, காவிரி இரண்டாகப் பிரிந்து பாறையை எப்படி அறுத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். 1902லேயே சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது என்பது கொசுறு.

காட்டுக்குள் இடங்களைக் குறித்துக்கொண்டு நடக்கும் வேலை இங்கே ஏற்கனவே நடந்திருக்கிறது. அது விளையாட்டல்ல. பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், சரணாலயம் வந்தபோது பெயர்த்து வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள். பெங்களூரின் ஏட்ரீ ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, சோளகப் பெரியவர்கள் ஜிபிஎஸ் கருவியுடன் காடெங்கும் நடந்தார்கள். குலதெய்வம் இருக்கும் இடம், ஊற்று, முன்னோர் நினைவுக் கற்கள் என்று நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் வரைபடத்தில் ஏறின. யாரும் எதையும் ஒளித்துவைக்கவில்லை; எல்லாம் பாட்டன் காலத்திலிருந்தே அங்கேயே இருந்தவை. 2011ல் காடு புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் சோளகர்களுக்குச் சமூக உரிமைகளும் கிடைத்தன. இந்த இடங்கள் விளையாட்டுக்காரர்களின் பட்டியலில் ஏறக்கூடாது என்பதை மட்டும் சோளகர்களிடமோ வனத்துறையிடமோ கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

வனத்துறையின் ஒத்துழைப்பு என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். அந்த ஒத்துழைப்பைத் தரவேண்டியவர் யார்? 2025 ஜூனில் மாதேஸ்வரன் மலையின் ஹூக்கியம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் விஷம் வைத்த மாட்டுச் சடலத்தைத் தின்று செத்தன. ரோந்து ஏன் தவறியது என்ற விசாரணையில், ஒப்பந்தக் காவலர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி இருந்த விஷயமும் வெளியே வந்தது. காட்டில் தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடக்கக்கூடிய மனிதர் இவர்தான். விளையாட வருபவர் தொலைந்தால் தேடப்போவதும் இவர்தான்.

காவிரி, மாதேஸ்வரன் மலை என்ற இரண்டு வனவிலங்குக் கோட்டங்களின் அலுவலகமும் கொள்ளேகாலிலேயே இருக்கிறது. அருவிக்குக் கேள்வி தயாரிக்க ஆசைப்படும் குழு முதலில் அங்கே போய், எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த மாதத்தில் காட்டுத்தீ பயத்தால் மூடுவார்கள், எந்த இடத்தைப் பெயர் சொல்லாமல் விடவேண்டும் என்று கேட்கலாம். ஜனவரிக்குப் பிறகு சருகு காய்ந்துவிடும். அப்போது தீத்தடுப்புக் கோடு வெட்டுவதற்கு ஆள் போதாமல் இருக்கும் காவலரிடம் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறவர், கையில் ஒரு அரிவாளையும் எடுத்துக்கொண்டு போகத்தான் முடியாது. ஆயுதத்தோடு நுழைய சட்டம் விடாது. அவரே ஒன்று கொடுப்பார்.