தோட்டத்து வீட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எங்கள் தோட்டத்தில் பேச்சு தொடங்கிவிடும். "டீச்சர், இந்த வருஷம் உங்க வீட்டுக்கு என்ன சாயம்?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். சுவருக்குச் சாயம், சன்னலுக்குப் புதுத் திரை, நாற்காலிக்கு உறை என்று லயமே பரபரக்கும். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளி ஆண்டு தொடங்கும்போது அதே வீட்டுத் தாய்மார்கள் பிள்ளையின் சப்பாத்துக்குக் காசில்லாமல் என் எதிரில் சங்கடப்பட்டு நிற்பதையும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கசப்பான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் குடியிருப்பது தோட்ட நிர்வாகத்தின் வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எங்கள் லயத்தில் ஓர் அக்கா இருந்தார். முன்கூடம் முழுவதும் பளபளவென்று டைல்ஸ் பதித்திருந்தார். அண்ணனுக்கு அறுபது வயதாகி, பட்டணத்தில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் புறப்பட்டபோது லாரி வந்தது. கட்டில் ஏறியது, அலமாரி ஏறியது, தையல் இயந்திரம் ஏறியது. தரை மட்டும் அப்படியே கிடந்தது. அக்கா அதைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினார். "யாரு வர்றாங்களோ, சுத்தமா இருக்கட்டும் டீச்சர்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நாளை லாரி வந்தால் இது கூட வருமா? அலமாரி, திரை, பாய், மின்விசிறி எல்லாம் வரும். தரையிலும் சுவரிலும் ஒட்டியது வராது.

கூரை ஒழுகுவது, பலகை உளுத்துப்போவது போன்றவற்றுக்கு நம் கையிலிருந்து போட வேண்டியதே இல்லை. தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், வீடுகளைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமையை முதலாளியின் மேல்தான் வைத்திருக்கிறது. கிராணியிடம் வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். தேதி போட்டுக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். எழுத வராவிட்டால் உங்கள் பிள்ளை எழுதட்டும், அதற்குத்தானே நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம்! பின்பக்கம் கொட்டகை இழுக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுவது நல்லது.

கூரை, பழைய சாம்பல்நிற நெளித்தகடாக இருந்தால் அதில் துளை போடாதீர்கள், சுரண்டாதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவரும். கதவிலும் சன்னலிலும் உரியும் பழைய எண்ணெய்ச் சாயத்தையும் காய்ந்தபடியே உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அதில் ஈயம் இருக்கலாம், சிறு பிள்ளைகளின் மூளைக்குக் கேடு. ஈரப்படுத்தித் தேய்த்து, விழுந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இனி சாயம். கடைக்காரரிடம் "ஒரு ரூமுக்கு எவ்வளவு?" என்று கேட்காமல் நீங்களே கணக்குப் போடுங்கள். பத்தடிக்குப் பத்தடி அறை, ஒன்பதடி உயரம் என்றால் நான்கு சுவருக்கும் 360 சதுர அடி. கதவு சன்னலுக்கு 40 கழித்தால் 320, அதாவது சுமார் 30 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு 60. ஒரு லிட்டர், ஒரு பூச்சுக்குப் பத்துச் சதுர மீட்டருக்குக் குறையாமல் வரும். ஆக ஆறு லிட்டர் போதும். ஆனால் பலர் பத்து லிட்டர் வாங்கிப் பாதியைக் கட்டிலுக்கடியில் காயவிடுகிறார்கள்.

வெளிச்சம் குறைந்த லயத்து வீட்டுக்கு வெள்ளையும் இளமஞ்சளும்தான் ஏற்றவை. கரும்பச்சையும் ஊதாவும் அடித்துவிட்டுப் பகலிலேயே விளக்குப் போட வேண்டுமா? சாயமே படாத சிமெண்டுச் சுவர் என்றால் சுண்ணாம்பு இன்னும் மலிவு. தூளை இரவு நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பால் பதத்தில் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு மூன்று பூச்சு அடியுங்கள். கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. பூசணம் பிடித்த சுவரை முதலில் குளோராக்ஸ் கலந்த நீரால் கழுவிக் காயவிடுங்கள். வேறு எந்தக் கழுவும் மருந்தையும் அதோடு கலக்காதீர்கள், நச்சுக்காற்று கிளம்பும். ஈரத்தின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த சாயம் அடித்தாலும் உரிந்துவிடும்.

திரைச்சீலையைத் தைக்கக் கொடுக்காமல் நீங்களே தைக்கலாம். சன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி இருந்தால் மடிப்பு அழகாக விழும். சுவரின் மேலுள்ள காற்றுத் துவாரங்களை அட்டையால் அடைக்க வேண்டாம், உள்ளே வெந்துவிடும்.

தவணைச் சாமான்தான் எனக்குப் பெரிய பயம். 1,800 வெள்ளி அலமாரி, மாதம் 110 வெள்ளி, 24 மாதம் என்றால் கேட்க எளிதாக இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 2,640 வெள்ளி. அந்த 840 வெள்ளியில் எத்தனை சப்பாத்து!

அதற்குப் பதில் பிள்ளைக்கு ஒரு படிப்பு மூலை செய்யுங்கள். பழைய கதவுப் பலகையைத் தேய்த்து, இரண்டு மரப்பெட்டிகளின் மேல் போட்டால் மேசை. பிள்ளை உட்காரும்போது முழங்கை பலகை மட்டத்துக்கு வர வேண்டும், கால் தரையில் பட வேண்டும். எட்டாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு கட்டை வையுங்கள். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும். மேசையைத் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும் அறையில் மட்டும் போடாதீர்கள். குசினியின் ஓரமானாலும் பரவாயில்லை.