மீட்டர் சொல்லாத கணக்கு



பழைய கார் வாங்க என்னிடம் யோசனை கேட்பவர்கள் முதலில் சொல்வது ஓடிய கிலோமீட்டரைத்தான். 30,000 என்றால் விலை ஏறுகிறது. 90,000 என்றால் முகம் சுருங்குகிறது.

ஆம்பூர்–சென்னை நெடுஞ்சாலையில் டாப் கியரிலேயே போய்வந்த வண்டிக்குக் கிலோமீட்டர் சீக்கிரம் ஏறும். கிளட்ச், பிரேக் அவ்வளவு தேயாது. வீட்டுக்கும் ஷூ கம்பெனிக்கும் இரண்டு கிலோமீட்டர், ஷிப்ட் விடும் நெரிசலில் ஹாஃப் கிளட்ச்சிலேயே ஊர்ந்த வண்டிக்கு எண் குறைவு, தேய்மானம் அதிகம். இன்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும்.

எண்ணே பொய்யாகவும் இருக்கலாம். போன மாதம் என் தங்கை மகன் வேலூரில் 2017 மாடல் ஒன்று பார்த்தான். மீட்டரில் 24,000. பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்றிருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-இல் 23-ஆவது வாரத் தயாரிப்பு. நான்கு டயரிலும் அதே எண். 24,000-க்குள் நான்கையும் ஏன் மாற்றினார்கள்? "பஞ்சர் சார்" என்றார் புரோக்கர். நான்குமா!

சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், 2021-லேயே 71,000. அட்வான்ஸ் ஐம்பதாயிரம் மருமகன் பையிலேயே இருந்தது, நல்லவேளை.

விற்கப்போகிறவர்கள் சர்வீஸ் பில்களைப் பத்திரமாக வையுங்கள். 90,000 ஓடிய வண்டிக்கும் அதைக் காட்டித்தான் நல்ல விலை கேட்க முடியும்.