ஒரு தாம்பாளம் மணல்

சென்னை எழும்பூரில் 1789-ஆம் ஆண்டு, கம்பெனிப் படையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற மகன்களுக்காக ஒரு விடுதிப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. அதன் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் அவர், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். சிலேட்டும் இல்லை, காகிதமும் இல்லை, மையும் இல்லை. தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. பெல் விடவில்லை. எழுத்து தெரிந்த எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்று உட்கார வைத்தார். பையன் சொல்லிக்கொடுத்தான்.

ஊர் திரும்பிய பெல் 1797-இல் இதைப் புத்தகமாக எழுதினார். அடுத்த சில பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் மணலில் எழுதிப் படித்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெல்லின் பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டபோது, செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மகள் மணலில் எழுதத் தொடங்கி ஆறேழு மாதம் ஆகியிருந்தது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்றாம் வகுப்பின் கடைசியையும் இரண்டாம் வகுப்பு முழுவதையும் அவள் என் செல்போனில்தான் படித்தாள். 2021 நவம்பரில் மறுபடி திறந்தபோது மூன்றாம் வகுப்பு. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வாள், சேர்த்துப் படிக்க வராது. நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. தினமும் காலையில் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது. கிறிஸ்துமஸ் லீவு முடிந்ததும் அவளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தோம்.

சபையில் தெரிந்த ஒரு குடும்பம் சென்னையில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறது. பாடப் புத்தகம், பயிற்சித்தாள், வேதபாடம், ஆசிரியருக்கான கையேடு எல்லாம் அமெரிக்காவிலிருந்து பெட்டியாக வந்து இறங்கும். விலையைக் கேட்டுவிட்டு வந்த கணவர், "பைக் டியூவே இன்னும் முடியல" என்று மட்டும் சொன்னார். அவருக்கு மறைமலைநகரில் ஷிஃப்ட் வேலை. எனக்கு வீட்டில் தையல் மெஷின்.

அத்தைதான் பேச்சை முடித்துவைத்தார். "பெட்டி எதுக்கும்மா? எங்கம்மா எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது தட்டு மண்ணுல. அந்தம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தது வீடு வீடா வர்ற பைபிள் ஸ்திரீ. நீ மண்ணு மட்டும் கொண்டா."

மண்ணுக்கும் பக்குவம் உண்டு. பாலாற்று மணல் பெருமணல், விரலை உறுத்தும். மாமல்லபுரத்திலிருந்து ஒரு பை கடல்மணல் கொண்டுவந்தோம். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக் கட்டிக்கொள்ளும். நாலு தண்ணீரில் அலசி, மாடியில் காயவைத்து, மாவு சல்லடையில் சலித்து, எவர்சில்வர் தாம்பாளத்தில் விரலின் பாதி உயரத்துக்குப் பரப்பினோம். சலித்ததில் ஒதுங்கிய கருமணலைப் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தால் தொட்டபோது கொஞ்சம் முள்முள்ளாக ஒட்டியது. முதல் அறிவியல் பாடம் அப்படி நடந்தது.

அத்தையின் முறை இதுதான். ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். தப்பினால் தாம்பாளத்தை ஒரு ஆட்டு ஆட்ட வேண்டும். எழுத்து போய்விடும், யார் கண்ணிலும் படாது. சிவப்பு மைக்குப் பயந்திருந்த குழந்தை முதல் நாளே நாற்பது 'க' எழுதினாள். எத்தனை தப்பு என்று கேட்டால் எங்கள் மூவருக்கும் தெரியாது.

எழுத்திலிருந்து வாசிப்புக்குத் தாவ வீட்டிலிருந்த ஒரே பெரிய புத்தகம் உதவியது. இரவு ஜெபத்தில் கேட்டுக் கேட்டு இருபத்துமூன்றாம் சங்கீதம் அவளுக்கு மனப்பாடம். ஆறே வசனம். அத்தை அந்தப் பக்கத்தைத் திறந்து, வாய் சொல்லும் வார்த்தையை விரல் தொட வேண்டும் என்றார். முதல் வாரம் வாய் முன்னால் ஓடும், விரல் பின்தங்கும். மூன்றாம் வாரம் இரண்டும் சேர்ந்து நடந்தன. காது அறிந்ததைக் கண் அடையாளம் கண்டுகொண்டது. படித்து முடித்ததும், "என்ன கேட்ட, ஆயாவுக்குச் சொல்லு பாப்பா" என்பார். ஒரு முறை வாசித்ததைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதை, வீட்டுக் கல்வி பற்றி 1886-இல் புத்தகம் எழுதிய ஆங்கிலேயப் பெண்மணி சார்லட் மேசன் ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார். இன்றைக்கும் உலகெங்கும் கிறிஸ்தவ வீட்டுக் கல்விக்காரர்கள் அவரைப் பின்பற்றுகிறார்கள். அத்தைக்கு அவர் பெயர் தெரியாது.

வசனம் எடுக்கும் போட்டி ஞாயிறுபள்ளியில் எல்லோரும் ஆடியதுதான். அதிகாரத்தையும் வசனத்தையும் சொன்னால், யார் முதலில் எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். அதில் மூன்று இலக்க எண்கள் வசமாயின. சங்கீதம் 119-இல் மட்டும் 176 வசனங்கள். எபிரெய மொழியின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனம். இருபத்திரண்டு எட்டு எவ்வளவு என்று அவள் கிளிஞ்சல் வைத்து எண்ணிப் பார்த்தாள். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் வலையில் 153 மீன்கள் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை வரிசையாகக் கிளிஞ்சல் அடுக்கச் சொன்னேன். பதினேழாவது வரிசையில் 153-உம் சரியாகத் தீர்ந்து, தரையில் ஒரு முழு முக்கோணம் கிடந்தது. "ஸ்தோத்திரம்!" என்றார் அத்தை. பரிசுத்த அகஸ்டீன் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். பைபிளின் பின்பக்கம் இருந்த வண்ண வரைபடங்கள் எங்கள் முதல் அட்லஸ். கலிலேயாக் கடல் உண்மையில் நன்னீர் ஏரி என்று தெரிந்ததும், "அப்போ நம்ம கொளவாய் ஏரி மாதிரியா?" என்று கேட்டாள்.

ஒரே புத்தகத்தின் எல்லையும் சீக்கிரமே தெரிந்தது. கடற்கரை போய்வந்ததைப் பற்றி எழுதச் சொன்னபோது, "அப்பொழுது ஒரு நண்டு வளையிலிருந்து புறப்பட்டு வந்தது. ஸ்திரீகள் பயந்தார்கள்" என்று எழுதினாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. 1871-இன் தமிழ் அவளுக்குத் தாய்மொழியாகிக்கொண்டிருந்தது. அரசுப் பாடநூல்களைப் பழைய விலைக்கு வாங்கினோம். நூலகத்திலிருந்து கதைப் புத்தகங்கள் வந்தன. பேருந்துப் பலகைகளைப் படிக்கச் சொன்னோம்.

மாமல்லபுரம் எங்கள் இன்னொரு வகுப்பறை. திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து போகும். தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. அர்ச்சுனன் தபசு தெருவோரம் இருப்பதால் பெரியவர்களுக்கும் காசு இல்லை. அங்கே தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் தேடிக் கண்டுபிடித்து வரைந்தாள். பாறையைப் பிளக்க வரிசையாக அடித்துப் பாதியில் விட்ட ஆப்புக் குழிகளில் விரலை விட்டுப் பார்த்தாள். சொந்தத்தில் சிலர், வேதம் படிக்கிற பிள்ளையைச் சிலைகளிடம் ஏன் கூட்டிப் போகிறீர்கள் என்றார்கள். "கல்லுல வேல செஞ்சவன் கைய பாக்கப் போறா. கை யார் குடுத்தது?" என்றார் அத்தை. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

இதுவரை படித்தவர்களுக்கு ஏழ்மையிலும் இனிமை என்ற வகைக் கதையாக இது தோன்றக்கூடும். அப்படி முடிக்க எனக்கு மனமில்லை. வரலாறும் அப்படி முடியவில்லை.

1820-களில் தாமஸ் மன்றோ கல்விக் கணக்கெடுப்பு நடத்தியபோது, சென்னையில் பள்ளியில் படிப்பவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம், வீட்டில் படிப்பவர்கள் 26 ஆயிரத்துக்கு மேல் என்று கலெக்டர் எழுதினார். எண் தவறாக இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். எப்படியானாலும், வீட்டில் படிப்பது அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கமில்லை. ஆனால் யார் வீட்டில்? சொல்லிக்கொடுக்க ஒருவர் சும்மா உட்கார முடிந்த வீட்டில். சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணையும் கிடைக்கவில்லை, வீட்டில் படித்தவர்களும் இல்லை. மணல் மட்டும் எல்லோருக்கும் கிடைத்தது. செங்கல்பட்டு ஜில்லாவில் பறையர்கள் இருந்த நிலைமை பற்றிக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதியதும், அதையொட்டி 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்ததும், ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்து மிஷனரி தலித் கிறிஸ்தவர்களுக்காக மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பை உருவாக்கியதும் இதே மண்ணில்தான். அத்தையின் அம்மா வீட்டுக்கு ஒரு பைபிள் ஸ்திரீ வந்தார் என்றால், அதற்கு முன் அந்த வீட்டு வாசலுக்கு எழுத்தோடு யாரும் வந்ததில்லை என்று அர்த்தம்.

இங்கிலாந்துக்குப் போன மணலுக்கும் இதே கதி. மெட்ராஸ் முறை அங்கே பரவியதற்கு முக்கியக் காரணம் அது மலிவு என்பது. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். நாளடைவில் மலிவுதான் நோக்கம் என்றாகிவிட்டது. பக்கத்தில் உட்கார ஆள் இல்லாத இடத்தில் மணல் வெறும் மணல்தான்.

எங்கள் வீட்டில் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலை 9 முதல் 11 வரை, வாரம் 5 நாள், இரண்டரை வருஷம். குறைத்துப் போட்டாலும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். அதில் பாதி, முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்திருந்த அத்தையுடையது. மீதி, தையல் மெஷின் ஓடாமல் நின்ற நேரம். பெட்டி வாங்காததால் எவ்வளவு மிச்சம் என்று சபையில் கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். பெண்கள் கொடுக்கிற நேரத்துக்கு யாரும் ரசீது போடுவதில்லை. அதனால்தான் வீட்டுக் கல்வி செலவில்லாதது என்று பெயர் வாங்குகிறது.

பத்து வயதில் அவள் சரளமாகப் படித்தாள். திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயதில் நேராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். கணவருக்கு அதில் விருப்பம் இருந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் தாம்பாளத்துக்கு முன்னால் மூன்று பொம்மைகளை உட்கார வைத்து, "தப்பானா பரவால்ல, ஆட்டிடலாம்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பொம்மைகள் பதில் சொல்லவில்லை. பெல் கண்டது இரண்டு. ஒன்று மணல், மற்றொன்று ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை சொல்லிக்கொடுக்க முடியும் என்பது. முதலாவது எங்கள் வீட்டில் இருந்தது. இரண்டாவதை நானும் அத்தையும் எவ்வளவு உழைத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது.

2024 ஜூனில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். சேர்க்கப் போன அன்று என் வயிறுதான் வலித்தது. முதல் வாரம் முடிந்து வந்தவள் சொன்னாள்: "அம்மா, என் பக்கத்துல உக்காரவளுக்கு தமிழ் சேத்துப் படிக்க வரல. நான் சொல்லித் தர்றேன். அவ எனக்கு வகுத்தல் சொல்லித் தர்றா. மிஸ் ஒண்ணும் சொல்லல."

அத்தைக்கு இப்போது கண்புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை இரவு ஜெபத்தில் வாசிப்பது அவள்தான். ஒரு வார்த்தையை முழுங்கினாலும் அத்தைக்குத் தெரிந்துவிடும். "மறுபடி படி" என்பார். அவளும் முகம் சுளிக்காமல் மறுபடி படிக்கிறாள்.