அம்மா கத்திய நாள்

அம்மா வாய்விட்டுக் கத்தி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். கெந்திங் மலையில், ரோலர் கோஸ்டரில்.

1998, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. லாபு பக்கம் இருந்த எங்கள் தோட்டத்து ஆட்கள் பள்ளிக்கூட பஸ் ஒன்றை வாடகைக்குப் பேசிக் கிளம்பினோம். அப்பா வரவில்லை. அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள், நான் பின்னால். ஏறும்போதே அம்மா முனியாண்டியைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இறங்கும்போது வந்தது வேறு சத்தம். அது பயம் இல்லை. வண்டி நின்ற பிறகும் கத்திக்கொண்டே இருந்தார். வேலை செய்த பையன் பதறி ஓடிவந்தான். அத்தை அவனைக் கையமர்த்திவிட்டு, "விடு, கத்தட்டும்" என்றார்.

தோட்டத்து வீடுகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். லயத்தில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர். இடுக்குகளில் பழைய பேப்பரைத் திணித்திருப்போம். அந்தப் பக்கம் பிள்ளை தும்மினால் இந்தப் பக்கமிருந்து "நூறு" என்போம். அப்பா குடித்துவிட்டு வந்த இரவுகளில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வார். விடிவதற்குள் எழுந்து பெரட்டுக்குப் போய் நிற்பார், மரம் வெட்டப் போவார். யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

தோட்டம் கைமாறியதும் லயம் போனது. புல்டோசருக்கு அரை நாள் வேலைகூட இல்லை. நாங்கள் சிரம்பானில் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தோம். அப்பா அங்கே ரொம்ப நாள் இருக்கவில்லை. 2013 செப்டம்பர் 1 அன்று கெந்திங்கின் திறந்தவெளிப் பூங்காவையும் மூடினார்கள். 2022இல் அந்த இடத்தில் ஸ்கைவோர்ல்ட்ஸ் திறந்தபோது பேப்பரில் படம் பார்த்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "நாங்க ஏறுனது எங்க?"

இல்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் எதையாவது தேடிப் படித்துவிட்டு வந்து சொல்கிற வியாதி.

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் தண்டர்போல்ட் என்று மரத்தாலான ரோலர் கோஸ்டர் ஒன்று இருந்தது. 1925இல் கட்டியது. அங்கே முன்பே நின்றிருந்த கென்சிங்டன் ஹோட்டலை இடிக்காமல், அதன் தலைக்கு மேலேயே தண்டவாளத்தைப் போட்டுவிட்டார்கள். கீழே ஆட்கள் குடியிருந்தார்கள். வூடி ஆலனின் 'ஆனி ஹால்' படத்தில் நாயகன் பிறந்து வளர்ந்த வீடாக வருவது அதுதான். 1982இல் ஓட்டம் நின்றது. 2000 நவம்பரில் நகர நிர்வாகம் இடித்துத் தள்ளியது. மரத் தடம் இரும்பைப் போல விறைப்பாக நிற்காது, பாரத்துக்கு அசைந்து கொடுக்கும். இரைச்சலும் அதிகம்.

அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். போனில் அந்தக் காட்சியைக் காட்டினேன். வீடு குலுங்குகிறது, பையன் சூப் குடிக்கிறான். அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன்.

"மேல ஆளுங்க கத்திக்கிட்டே போவாங்களா?"

"ஆமாம்மா. நாள் பூரா."

"அப்ப கீழ என்னா நடந்தாலும் வெளிய கேக்காது."

நல்லது என்கிறாரா, கெட்டது என்கிறாரா, எனக்குப் பிடிபடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் போடு" என்றார்.