முதலில் மூச்சு, பிறகுதான் நோயின் பெயர்

மருத்துவக் கல்லூரியில் வருடக்கணக்கில் சொல்லித் தரும் வரிசை ஒன்று உண்டு. நோயாளியிடம் விவரம் கேள், உடம்பைப் பரிசோதி, டெஸ்ட் எடு, என்ன நோய் என்று கண்டுபிடி, பிறகு மருந்து கொடு. நல்ல வரிசைதான். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்ததும் இது தலைகீழாகிவிடும்! வீடு எரியும்போது, யார் கொளுத்தியது என்று விசாரித்துக்கொண்டா நிற்பார்கள்?

அங்கே மாணவர்களுக்கு முதல் பாடம் ஐந்தே எழுத்துதான்.

ஏ - மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா?
பி - மூச்சு சரியாக ஓடுகிறதா?
சி - ரத்த ஓட்டம் எப்படி? எங்காவது ரத்தம் கொட்டுகிறதா?
டி - நினைவு இருக்கிறதா?
இ - உடையை விலக்கி முழு உடம்பையும் பார், குளிராமல் போர்த்து.

எது சீக்கிரம் கொல்லுமோ அதை முதலில் கவனி, அவ்வளவுதான். ஆக்ஸிஜன் போகாவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை கெட ஆரம்பிக்கும். அதனால் உடைந்த கால் எவ்வளவு கோரமாகத் தெரிந்தாலும் அது காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு எழுத்தில் கோளாறு என்றால் உடனே அதற்கு வைத்தியம், பிறகே அடுத்தது. நிலைமை மோசமானால் மறுபடி ஏ-விலிருந்து ஆரம்பம்.

விபத்து சிகிச்சையில் இந்த வரிசை நிலைபெற்றதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1976 பிப்ரவரியில், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிய சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்துபோனார். நான்கு பிள்ளைகளுக்கும் காயம். அருகிலிருந்த ஊர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையைவிட, வயலில் தான் செய்ததே மேல் என்று அவருக்குத் தோன்றியது.

அந்தக் கோபத்தை அவர் ஒரு வகுப்பாக மாற்றினார். சக மருத்துவர்களோடு சேர்ந்து, கிராமப்புற மருத்துவர்களுக்கான முதல் பயிற்சியை 1978-ல் நடத்தினார். 1980-ல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. இன்று உலகின் பல நாடுகளில் நடக்கும் ஏடிஎல்எஸ் பயிற்சி அதுதான். இந்தியாவில் அவசர மருத்துவம் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது 2009-ல்தான்.

ஐந்து எழுத்தைப் பரீட்சையில் யாரும் எழுதிவிடலாம். ரத்தமும் அழுகுரலும் சூழ்ந்திருக்கும்போது அது ஞாபகம் வர வேண்டுமே! அதற்காகத்தான் பொம்மையை வைத்துத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். நெப்ராஸ்கா ஊர் மருத்துவர்களிடம் இல்லாமல் போனது நல்ல மனசு அல்ல, இந்தப் பழக்கம்தான். கற்றுக்கொடுத்தால் வந்துவிடக்கூடிய ஒன்று!