மேலே போறது ஈஸி சார்!

"ஸ்கீயிங் கத்துக்கப் போறேன்" என்றதும் என் மனைவி கேட்ட ஒரே கேள்வி: "எல்.ஐ.சி. பிரீமியம் கட்டியாச்சா?"

போன இடம், காஷ்மீரில் குல்மார்க். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். நம்ம தொட்டபெட்டா சிகரமே 2,637தான். நமக்கு உச்சி எதுவோ, அது அங்கே தரை! அந்தத் தரையிலிருந்து கொண்டோலா என்கிற கேபிள் கார் கிளம்புகிறது. முதல் கட்டம் கோங்தூரி வரை, 3,000 மீட்டருக்கு மேல். அடுத்தது அஃபர்வாட், சுமார் 3,950.

கூட வந்த நண்பன் பேங்க் ஆசாமி. ரெண்டு கட்டத்துக்கும் டிக்கெட் போட்டு வைத்திருந்தான். "மாப்ளே, நேரா உச்சிக்குப் போறோம்... சர்ர்ருனு இறங்குறோம்!"

பயிற்சி தர வந்த காஷ்மீரி இளைஞர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "சாப், முதல்ல இங்கே நின்னு காட்டுங்க" என்றார் ஹிந்தியில்.

நின்றோம். மூணு விநாடி.

அப்புறம் என்ன... ஆரம்பப் பள்ளிதான்! அடிவாரத்தில், மொட்டை மாடியில் மழைத் தண்ணி ஓட விடும் வாட்டம் மாதிரி ஒரு சரிவு. பக்கத்தில் ஆறு வயசு வாண்டுகள் விர் விர்ரென்று போகின்றன. ஸ்கீயின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை 'ஃ' வடிவத்துக்கு அகட்டினால் அதுதான் பிரேக். நண்பன் அகட்டினான். பேன்ட்தான் பிரேக் ஆனது.

"திரும்பவும், நிக்கவும் நல்லா வந்தப்புறம் கோங்தூரி" என்றார் பயிற்சியாளர். அங்கே நடுத்தர ஆட்களுக்கான சரிவுகள், பைன் மரங்களுக்கு இடையே இறங்கும் பாதைகள். வேகத்தை அடக்கத் தெரியாதவனுக்கு ஒவ்வொரு மரமும் ஒரு ஆடிட் அப்ஜெக்ஷன்!

"அஃபர்வாட்?"

ஐரோப்பாவில் சரிவுகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் குறித்து வைப்பார்கள். பச்சை பழகுகிறவனுக்கு, கறுப்பு கரை கண்டவனுக்கு. அஃபர்வாட்டிலோ பெரும்பாலும் மெஷின் வைத்துச் சமன் செய்யாத இயற்கைப் பனி. ரோந்துப் படை குண்டு வைத்து ஆபத்தான பனியைச் சரித்துவிட்டுத் திறந்துவிடும் பகுதி கொஞ்சம்தான். அதைத் தாண்டினால் உங்கள் பாடு. தேர்ந்தவர்களே புதைந்தால் சிக்னல் அனுப்பும் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி எல்லாம் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். 2023 பிப்ரவரி 1-ம் தேதி அங்கே பனிச்சரிவில் சிக்கி இறந்த இரண்டு போலந்துக்காரர்களும் ஸ்கீ தெரிந்தவர்கள்தான்.

நண்பனின் முகம் பனியைவிட வெளுத்தது. ஆனாலும் விடவில்லை. "டிக்கெட் காசு?"

"தாராளமா போங்க சாப். ஸ்கீயை இங்கே வெச்சுட்டுப் போங்க. மேலே ஏத்திவிட கொண்டோலாவுக்கு டிக்கெட் போதும். கீழே வர்ற வித்தையை அது விக்கிறதில்லே."

வெறுங்கையோடு போனோம். உச்சியில் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. எங்கள் கண்ணெதிரே ஒருவர் விளிம்பில் நின்று, சரிவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு திரும்பி கேபிள் காருக்கே வந்தார். முதுகில் ஸ்கீ, இடுப்பில் கருவிகள் சகலமும் இருந்தன! நண்பன் அவருக்கு நகர்ந்து இடம் கொடுத்தான். அடிவாரம் வரும்வரை வாயே திறக்கவில்லை. இறங்கியதும், "மாப்ளே, அந்த வாண்டுங்க கிளாஸ் நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றான்.

இப்போது ஆபீஸில், "அஃபர்வாட் உச்சியிலேர்ந்து இறங்கினேன்" என்று அளந்துகொண்டிருக்கிறான். 'கேபிள் காரில்' என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடுகிறான்.

நானும் காட்டிக் கொடுக்கவில்லை. பக்கத்து சீட்டில் நான்தானே இருந்தேன்!